ராஜினாமா எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: பேர்ணாம்பட்டு அருகே ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 54. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 ரூபாய். ஆர்டர் இல்லை என்று வயதானவர்களை விலகச் சொல்கிறார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கணக்கு முடித்து 1,75,000 ரூபாய் தருவார்களாம். அதோடு பி.எஃப். பணத்தையும் சேர்த்து மகனுக்கு ஆட்டோ வாங்கலாமா? பென்ஷனை இப்போதே வாங்கிவிடலாமா?

பதில்: ஆட்டோ இருக்கட்டும் அம்மா, முதலில் அந்தக் கடிதத்தைப் பார்ப்போம். "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று அவர்களே தட்டச்சு செய்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு நீட்டியிருப்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 12,000 ரூபாயை 26ஆல் வகுத்து, 15ஆலும் 22 ஆண்டுகளாலும் பெருக்கினால் 1,52,308 ரூபாய். இது உங்கள் கிராஜுவிட்டி, அதாவது இத்தனை ஆண்டு வேலைக்கான பணிக்கொடை. நீங்களாகவே விலகினாலும் தந்தே ஆக வேண்டிய பணம். ஆக, கம்பெனி தாராளமாகத் தருவது ஏறக்குறைய 22,700 ரூபாய்தான்!

அவர்களே ஆட்குறைப்பு செய்தால் கதை வேறு. குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. உங்களுக்கு இதுவே ஒரு லட்சத்தைத் தாண்டும், கிராஜுவிட்டி தனி. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்து 2 ஆண்டுகளாவது கட்டியிருந்தால், ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு உதவித்தொகையும் உண்டு: முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. ராஜினாமா செய்தவருக்கு இவை இரண்டும் கிடையாது. அவசரம் அவர்களுக்கு ஏன் என்று இப்போது புரிகிறதா? வற்புறுத்தினால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சங்கம் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

பென்ஷனை இப்போது தொடாதீர்கள். 58 வயதுக்கு முன்னால் வாங்கினால் ஆண்டுக்கு 4 சதவீதம் குறையும். 58இல் 1,000 ரூபாய் கிடைக்கும் இடத்தில் இப்போது 850 அளவுதான், அதுவும் ஆயுள் முழுக்க. வேறு கம்பெனியில் சேர்ந்தால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பி.எஃப். பிடிக்கும் இடமாகப் பார்த்துச் சேருங்கள். உங்கள் பி.எஃப். கணக்குக்கான பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள், சர்வீஸ் தொடரும்.

பி.எஃப். பணத்துக்கு 2024-25இல் 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள். அதை எடுத்து ஆட்டோவில் போட நான் சம்மதிக்க மாட்டேன். மகன் தன் பெயரில் கடன் வாங்கட்டும், முன்பணத்துக்கு வேண்டுமானால் இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கொடுங்கள். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் உங்கள் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு அதைத் திருத்த, கம்பெனிக்கும் வேலூர் பி.எஃப். அலுவலகத்துக்குமாக அலைய வேண்டியிருக்கும்.