லி ஷாங்ஃபுவைக் கவிழ்த்தது எது?

கேள்வி: சீனப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜெனரல் லி ஷாங்ஃபு ஒரு போரையும் பார்க்காதவர். ஆனாலும் முப்படைக்கும் தலைவரானார். பிறகு அமெரிக்கத் தடைக்குப் பயந்து சீனாவே அவரைக் கழற்றிவிட்டது. சரிதானே?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: போர் பார்க்காதவர் என்பது சரி. மற்ற இரண்டும் தவறு.

சீனப் பாதுகாப்பு அமைச்சர் முப்படைத் தலைவர் அல்ல. படைகளுக்கு உத்தரவிடுவது மத்திய ராணுவ ஆணையம். அதன் தலைவர் ஷி ஜின்பிங். லி அமைச்சரானபோது அவருக்குக் கீழே துணைத் தலைவர்கள் இருவர் இருந்தார்கள். அதற்கும் கீழே இருந்த உறுப்பினர்களில் ஒருவர்தான் லி. வெளிநாட்டு ராணுவங்களோடு பேசுவதே அமைச்சரின் முக்கிய வேலை. 2023 ஏப்ரலில் அவர் தில்லிக்கு வந்து ராஜ்நாத் சிங்கைச் சந்தித்ததும் அந்த வகையில்தான்.

லி அடிப்படையில் பொறியாளர். 1982-ல் சிச்சுவான் மாகாணத்தின் ஷிசாங் ஏவுதளத்தில் வேலைக்குச் சேர்ந்து 31 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்; கடைசிப் பத்தாண்டு அதன் தலைவர். சீனாவின் முதல் நிலவுக்கலம் சாங்-ஏ 1 கிளம்பியதும், ஏவுகணையால் தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளையே சீனா உடைத்ததும் அவர் காலத்தில், 2007-ல்.

தடைக்கு வருவோம். ரஷ்யாவிடம் சுகோய்-35 விமானங்களும் எஸ்-400 வான்பாதுகாப்புக் கருவிகளும் வாங்கியதற்காக 2018 செப்டம்பரில் அமெரிக்கா அவர் மீதும், அவர் தலைமை வகித்த, ராணுவத்துக்கு ஆயுதம் வாங்கும் தளவாட மேம்பாட்டுத் துறை மீதும் தடை விதித்தது. அதற்குப் பிறகுதான் 2019-ல் ஜெனரல், 2022-ல் ஆணைய உறுப்பினர், 2023 மார்ச்சில் அமைச்சர். தடை விழுந்த பின் மூன்று படி ஏறியவரைத் தடைக்குப் பயந்து இறக்கினார்கள் என்றால் எப்படிப் பொருந்தும்? 2023 ஜூனில் சிங்கப்பூரில் பேசலாம் என்று அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் கேட்டபோது, மறுத்தது பெய்ஜிங். விருந்தில் கைகுலுக்கியதோடு சரி.

அவரைக் கவிழ்த்தது ஆயுதக் கொள்முதல். சீனாவில் ராணுவத் தளவாடத்துக்கு விலை வைக்கும் முறை நெடுங்காலம் இதுதான்: உற்பத்திச் செலவு, அதன் மேல் 5 சதவீத லாபம். செலவு 100 கோடி என்று காட்டினால் லாபம் 5 கோடி. 200 கோடி என்று காட்டினால் 10 கோடி. சிக்கனமாகச் செய்கிற ஆலைக்குத்தான் நஷ்டம்! பெரிய ஆயுதங்களுக்குப் பெரும்பாலும் ஒரே அரசு நிறுவனம் என்பதால் விலையை ஒப்பிடவும் ஆளில்லை. ஆலையிலேயே இருந்து தரம் பார்க்கும் ராணுவப் பிரதிநிதியையும், மேலே கையெழுத்திடும் அதிகாரியையும் சரிக்கட்டினால் முடிந்தது.

2017 செப்டம்பரிலிருந்து 2022 வரை தளவாட மேம்பாட்டுத் துறையின் தலைவர் லி. 2023 ஜூலையில் அதே துறை, 2017 அக்டோபர் முதலான கொள்முதல் முறைகேடுகளைப் பற்றித் தகவல் தரும்படி பகிரங்கமாக அறிவித்தது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 29-க்குப் பின் லி வெளியே தென்படவில்லை. அக்டோபர் 24-ல் பதவி போனது. 2024 ஜூனில் கட்சியிலிருந்தும் நீக்கினார்கள். பெருந்தொகை லஞ்சம் வாங்கினார் என்பதோடு, கொடுத்தார் என்றும் குற்றச்சாட்டு.

அதே நாளில் நீக்கப்பட்ட இன்னொருவர், அவருக்கு முந்தைய அமைச்சர் வெய் ஃபெங்ஹெ. அவர் மீது அமெரிக்கத் தடை எதுவும் இருந்ததில்லை; 2022-ல் அதே சிங்கப்பூரில் ஆஸ்டினோடு உட்கார்ந்து பேசியவர்.