ஐபிஎஸ் (IBS, குடல் எரிச்சல் நோய்) என்று சொல்லிவிட்டார்கள், அதற்கு அடியில் வேறு காரணம் இருக்குமா?

பல வருடமாக லூஸ் மோஷன், வயிற்றுப் பிடிப்பு. ஸ்கேன், கொலோனாஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எல்லாம் நார்மல். கோதுமையை நிறுத்தியதில் கொஞ்சம் பரவாயில்லை. அடிப்படைக் காரணம் என்று ஒன்று இருக்குமா, இல்லை இப்படியே வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் இருக்கலாம். எனக்கு இருந்தது.

நீங்களும் என்னைப் போல வெளியே கிளம்பும் முன் சாப்பிடாமல் இருப்பவர், போகிற இடத்தில் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்ப்பவர் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. டாக்டர்களைக் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், என் காரணத்தைக் கண்டுபிடித்தவரும் ஒரு டாக்டர்தான்.

எனக்குப் பித்தப்பையில் கல் இருந்து அறுவை சிகிச்சையில் பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து ஆரம்பித்தது. சாப்பிட்டு எழுந்ததும் அவசரம், அடக்கவே முடியாத அவசரம். மஞ்சளாக, தண்ணீராகப் போகும். எண்ணெய்ப் பதார்த்தம் என்றால் இன்னும் மோசம். டாக்டர்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்மா, டென்ஷனைக் குறைங்க." ஒவ்வொரு இடத்திலும் படிவத்தில் அறுவை சிகிச்சை பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கடைசியில் இளவயது டாக்டர் ஒருவர் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, "பித்தப்பை எடுத்ததற்கு முன்னால் இந்தத் தொந்தரவு இருந்ததா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

அவர் விளக்கியது இதுதான். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் பித்தப்பையில் சேர்ந்து, சாப்பிடும்போது குடலுக்குள் வரும். அதிலிருக்கும் பித்த அமிலத்தில் ஏறக்குறைய 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கணக்கு தவறி அதிகமாகப் பெருங்குடலுக்குப் போய்விட்டால், அங்கே தண்ணீர் சுரக்க ஆரம்பிக்கும், குடலும் வேகமாகத் தள்ளும். பித்தப்பை இல்லாதவர்களுக்குப் பித்தநீர் சேமிக்க இடமில்லாமல் எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருப்பதால் சிலருக்கு இது வருகிறது. பித்தப்பை இருப்பவர்களுக்கும் வரும். வயிற்றுப்போக்கு வகை ஐபிஎஸ் என்று சொல்லப்பட்டவர்களில் கால்வாசிப் பேருக்காவது உள்ளே இருப்பது இந்தப் பித்த அமில வயிற்றுப்போக்குதான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கொலோனாஸ்கோபியில் இது தெரியாது. இதற்கென்று இருக்கும் ஸ்கேன் பல நாடுகளில் கிடைப்பதில்லை. அங்கெல்லாம் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள்.

எனக்கும் அப்படித்தான். தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பவுடர், வாயில் மணல் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடிந்தது. (அது மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை மாதிரி ஏதாவது எடுப்பவர்கள் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

அப்படியென்றால் ஐபிஎஸ் என்பதே பொய்யா என்று ஒருவர் கேட்பார். இல்லை. ஐபிஎஸ் நிஜம், வலியும் நிஜம். ஒரு மோசமான வயிற்றுத் தொற்றுக்குப் பிறகு பத்தில் ஒருவருக்கு அது தங்கிவிடுகிறது. மனசுக்கும் குடலுக்கும் சம்பந்தம் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 2023-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் மாத்திரை மிகக் குறைந்த அளவில் ஐபிஎஸ்காரர்களுக்கு நன்றாகவே உதவியது. ஆனால் "டென்ஷன்" என்பது தேடி முடித்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை. தேடாமலேயே அதைச் சொல்லி அனுப்பினால் எனக்குக் கோபம் வருகிறது, இன்றைக்கும்.

டென்ஷன் என்றதும் என் பழைய அலுவலகம் நினைவுக்கு வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மீட்டிங் நடுவில் எழுந்து போனால் எல்லோர் முன்னாலும் "மறுபடியுமா?" என்பார் மேலாளர். கதவோரம் இடம் கேட்டேன், காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கால் உடைந்து வந்த ஒருவருக்கு மறுநாளே கீழ்த்தளத்தில் இடம் போட்டுக் கொடுத்த அதே ஆட்கள். கட்டுப் போட்டால்தான் நோயா? வயிறு என்றால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

சரி, உங்கள் விஷயம். கொலோனாஸ்கோபி நார்மல் என்கிறீர்கள், பயாப்சி (குடலிலிருந்து சின்ன சதைத் துணுக்கு) எடுத்தார்களா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். நுண்ணிய பெருங்குடல் அழற்சி என்று ஒன்று உண்டு. கண்ணுக்குக் குடல் சுத்தமாகத் தெரியும், சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் பிடிபடும். நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகம். மலத்தில் கால்புரோடெக்டின் (குடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதம்), ரத்தத்தில் தைராய்டு பார்த்தார்களா? சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கும் பலருக்கு வயிற்றுப்போக்குக்கு அதுவே காரணம். ரத்தம் போவது, தானாக எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் யார் என்ன சமாதானம் சொன்னாலும் விடாதீர்கள். ஐம்பதுக்கு மேல் ஒரு பெண்ணுக்குப் புதிதாக "ஐபிஎஸ்" வந்தால் சினைப்பையையும் பார்க்க வேண்டும்.

உணவு ஒவ்வாமை என்று ஐஜிஜி (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்பொருள்) டெஸ்ட் எடுத்து நீளமான பட்டியல் கொடுப்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.

அப்புறம் கோதுமை. அதை நிறுத்தியதில் பரவாயில்லை என்பதால் அதிலிருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் காரணம் என்று ஆகிவிடாது. கோதுமையில் ஃபிரக்டான் என்ற ஒரு வகைக் கார்போஹைட்ரேட்டும் இருக்கிறது, வெங்காயம், பூண்டிலும் அதேதான். பலருக்கு வயிற்றை உப்ப வைப்பது அது. ஆனால் சீலியாக் நோயா (குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) என்று பார்க்காமல் விடவும் கூடாது. அதற்கான ரத்தப் பரிசோதனை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் நெகட்டிவ் என்று வரலாம். அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆறு வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்ட பிறகு ரத்தம் கொடுங்கள். அந்த ஆறு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். தாங்கவே முடியாவிட்டால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பார்.