சமவெளியில் அந்தக் குன்று எப்படி வந்தது?

கேள்வி: நெதர்லாந்தில் இருக்கும் என் மகள், பிரீஸ்லாந்து மாகாணத்தில் ஹேகெபைன்டும் என்ற சின்னக் கிராமத்தில் எடுத்த படம் அனுப்பியிருந்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தட்டை நிலம், நடுவில் மட்டும் செங்குத்தாக ஒரு குன்று, அதன் உச்சியில் தேவாலயம். அந்த இடத்தில் குன்று எங்கிருந்து வந்தது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அது இயற்கைக் குன்று இல்லை அம்மா, மனிதர் போட்ட மண். அந்த வடகரையில் கடலணை கட்டப்படும் முன்பு, பெரிய அலையும் புயலும் வரும்போதெல்லாம் கடல் உள்ளே ஏறிவிடும். ஆனால் உவர்ப் புல்வெளி மாடு மேய்க்க அருமையான நிலம், அதை விட்டுப்போகவும் மனமில்லை. வெல்லம்பிட்டியில் களனி கங்கை வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுகிறார்களே, அதேபோல அவர்களும் வீட்டுக்கு அடியில் மேடு போட்டார்கள். களிமண், புற்கட்டிகள், மாட்டுச்சாணம், அடுப்புச் சாம்பல், எலும்பு, உடைந்த சட்டி என்று எதெல்லாம் கையில் இருந்ததோ அதெல்லாம் போட்டு, தலைமுறை தலைமுறையாக உயர்த்த, பக்கத்துப் பக்கத்து மேடுகள் ஒன்றுசேர்ந்து ஒரு ஊரே மேலேறிவிட்டது. அந்தக் கரையில் இந்த வேலை கிறிஸ்துவுக்கு முன்பே தொடங்கியது. இப்படிப்பட்ட மேடுகளை அங்கே தெர்ப் என்பார்கள், நூற்றுக்கணக்கில் உண்டு. ஹேகெபைன்டும்தான் நெதர்லாந்திலேயே மிக உயரமானது, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 8.8 மீட்டர்.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலணைகள் எழத் தொடங்கின. அப்புறம் மேட்டின் தேவை குறைந்தது.

படத்தில் அது ஏன் அவ்வளவு செங்குத்தாகத் தெரிகிறது என்பதுதான் எனக்கு மனம் கனக்கும் பகுதி. பழைய மேடு இப்படி இருக்கவில்லை, அகலமாக, மெல்லச் சரிந்து இறங்கும். 19ஆம் நூற்றாண்டில், நூற்றாண்டுக் கணக்கான சாணமும் எலும்பும் ஊறிய அந்த மண் முதல்தரமான உரம் என்று கண்டுகொண்டார்கள். பிரீஸ்லாந்து எங்கும் மேடுகளை வெட்டி, படகில் ஏற்றி, கால்வாய் வழியே வளமில்லாத நிலங்களுக்கு விற்றார்கள். 20ஆம் நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. ஹேகெபைன்டுமின் பெரும்பகுதியும் அப்படித்தான் போனது. தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் இருந்த துண்டை மட்டும் வெட்டாமல் விட்டார்கள், மகள் எடுத்த படத்தில் நிற்பது அந்த மிச்சம். வெட்டும்போது முற்காலக் கல்லறைகளும் வெளிப்பட்டன. இந்த மேடுகளிலிருந்து கிடைத்த பொருள்கள் பல லேவார்டன் நகரிலுள்ள பிரீசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஆனால் ஆய்வாளர் கண்ணில் படாமலே வயலுக்குப் போனது எவ்வளவோ. ஏழை விவசாயிக்கு உரம் வேண்டியிருந்தது உண்மைதான், அதற்காக ஒரு சமூகத்தின் அடுக்கடுக்கான வரலாற்றையே படகுக் கணக்கில் விற்றது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

தேவாலயம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மகள் மறுபடி போனால் உள்ளே சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து ஹார்ஸ்டா மாளிகைப் பிரபுக்கள் இறந்தபோது மாட்டிய, குடும்பச் சின்னம் செதுக்கிய மரப்பலகைகள் 16 அங்கே தொங்குகின்றன. அந்தக் காலத்து ஒல்லாந்தர் சின்னங்களை நீங்கள் கொழும்பிலேயே பார்க்கலாம், வுல்வெண்டால் தேவாலயத்தின் கல்லறைக் கற்களில்.

கேள்வி: இலங்கைக்கு வந்த ஒல்லாந்தரில் பிரீசியர், அதாவது பிரீஸ்லாந்துக்காரர், உண்டா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு, ஆனால் ஆட்சி அவர்கள் கையில் இல்லை. இங்கே ஆண்ட ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஆறு கிளைகள்: ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ரோட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹவ்சன். பிரீஸ்லாந்துக்கு ஒன்றும் கிடையாது. எனவே பிரீசியர் வந்ததெல்லாம் மற்ற ஊர்க் கிளைகளில் மாலுமியாக, சிப்பாயாக, எழுத்தராகப் பெயர் பதிந்துதான். ஜெர்மானியரும் அப்படித்தான் ஏராளமாக வந்தார்கள், அதனால் ஒல்லாந்தர் என்று நாம் ஒரே பெயரில் சொல்பவர்களுக்குள் பல ஊர்க்காரர், பல மொழிக்காரர் கலந்திருந்தார்கள்.