மூன்று வினாடி சுற்றி நின்றுவிடும் கணினி: மதர்போர்டுதான் போய்விட்டதா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஐந்து வாரம் தஞ்சாவூர் போயிருந்தோம். கிளம்பும்போது வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போனோம். வந்து கணினியைப் போட்டால் விசிறி மூன்று வினாடி சுற்றுகிறது, நிற்கிறது, தானே மறுபடி சுற்றுகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கடைக்குப் போன் செய்தால் ‘மதர்போர்டு போயிருக்கும், புதிது வாங்கிவிடுங்கள்’ என்கிறார்கள். மறைந்த என் மாமனாரின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.”

படங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவை இருப்பது கோப்புகளைச் சேமித்துவைக்கும் ஹார்ட் டிஸ்கிலோ எஸ்எஸ்டியிலோதான். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டு உண்மையாகவே போயிருந்தாலும் அவை அதோடு போகாது. மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள்.

மூடியைத் திறந்து பார்க்காமல் போனிலேயே போர்டு போய்விட்டது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி வேறு கதை சொல்கிறது. விசிறி சுற்றுகிறது என்றால் மின்சாரம் உள்ளே வருகிறது. போர்டு வேலையைத் தொடங்கப் பார்க்கிறது. போட்டதும் தானே செய்துகொள்ளும் சோதனையில் ஏதோ ஒரு படியில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் கணினிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது தற்காலிக நினைவகமான ரேமைத்தான்.

ஐந்து வாரம் சும்மா இருந்ததற்குப் பிறகு ஏன் இப்படி? இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. ஒன்று நம் ஊர் ஈரப்பதம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வேறு. கணினி தினமும் ஓடினால் உள்ளே இருக்கும் சூடு ஈரத்தை ஓரளவு விரட்டிவிடும். பூட்டிய வீட்டில் அந்தச் சூடும் இல்லை. ரேமின் பொன்னிறத் தகடுகளில் மெல்லிய அழுக்குப் படலம் படிந்தாலே தொடர்பு விட்டுப்போகும்.

இன்னொன்று, போர்டின் மேல் இருபது காசு அளவில் உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரி. 3 வோல்ட். கணினி அணைந்திருந்தாலும் சுவர் சுவிட்ச் போட்டிருந்தால், சுவர் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் பவர் சப்ளையிலிருந்து வரும் 5 வோல்ட்டில் கணினியின் கடிகாரம் ஓடும். பேட்டரிக்கு அவ்வளவாக வேலை இருக்காது. சுவிட்சை அணைத்துவிட்டுப் போனதால் அந்த ஐந்து வாரமும் முழுப் பாரமும் ஆறு வயதுப் பேட்டரி தலையில் விழுந்தது. அது தீர்ந்துபோனால் போர்டு தன் அமைப்புகளை மறந்துவிடும். சில போர்டுகள் அதனால் தடுமாறவும் செய்யும். சுவிட்சை அணைத்தது தவறில்லை, ஊருக்குப் போகும்போது நானும் அதைத்தான் செய்வேன்.

இப்போது செய்யவேண்டியது. மூன்று முள் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, இங்கே வருவது 230 வோல்ட். கழற்றியபின் கணினியின் பொத்தானைப் பதினைந்து வினாடி அமுக்கிப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடியும். பக்கவாட்டு மூடியைத் திறந்து, பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

ரேமின் ஓரக் கொக்கியை விலக்கி அதை எடுங்கள். பிள்ளைகள் வைத்திருக்கும் மென்மையான வெள்ளை அழிப்பானால் பொன்னிறத் தகட்டை இரு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். துகள் ரேம் செருகும் துளைக்குள் விழாதபடி தள்ளி நின்று செய்யவேண்டும். ஒரே ஒரு ரேமை மட்டும் திரும்பப் பொருத்துங்கள். நான்கு துளை இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து (கணினியின் மூளையான சில்லு, பெரும்பாலும் விசிறிக்குக் கீழே இருக்கும்) எண்ணி இரண்டாவது துளை. கொக்கி ‘கிளிக்’ என்று விழும்வரை அமுக்கவேண்டும், பலர் பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். பழைய பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்துப் புதிதைப் போடுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே. பிராசசருக்குப் பக்கத்தில் நான்கு அல்லது எட்டு கம்பியோடு வரும் பிளக் இறுக்கமாக இருக்கிறதா என்றும் அழுத்திப் பாருங்கள்.

பிறகு மின்சாரம் கொடுத்து இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். முதல்முறை ரேமை அளந்து பார்க்க நேரமெடுக்கும். வரவில்லையென்றால் ரேமை மாற்றி, துளையை மாற்றிப் பாருங்கள். திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கம்பி அதில் செருகியிருக்கவேண்டும், போர்டில் அல்ல.

திரை வந்தபின் ஒரு விஷயம் உங்களைப் பயமுறுத்தலாம். அமைப்புகள் மறந்துபோனதால் டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் ‘பிட்லாக்கர்’ வசதி மீட்புக் குறியீடு கேட்கலாம். அது 48 இலக்க எண். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்க வாய்ப்பு உண்டு. கைத்தொலைபேசியிலிருந்தே அந்தக் கணக்கில் நுழைந்து இன்றே தேடிக் குறித்துவையுங்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் இந்த எண் இல்லாமல் வேறு கணினியிலும் படங்களைப் பார்க்கமுடியாது. தேதியையும் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் பல இணையத்தளங்கள் திறக்காது.

இத்தனைக்கும் அசையவில்லையென்றால் அடுத்த சந்தேகம் பவர் சப்ளை. விசிறியை மூன்று வினாடி சுற்றவிட்டு, பாரம் ஏறியதும் அது கைவிட்டுவிடலாம். சரியாக ஓடும் இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் சோதனை. அதைக் கடையில் விடுங்கள். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றியபிறகும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். போர்டின் மேல் நிற்கும் சிறு உருளைகளின் தலை உப்பியிருந்தாலோ, பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ, அப்போது கடைக்காரர் சொன்னதை நம்பலாம்.

கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேரோ உங்கள் புளோக் கீழே உள்ள கடையோ, கொண்டுபோகும் முன் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமலே திரை வருகிறதா என்று அவர்களால் பார்க்கமுடியும். பரிசோதனைக்கு எத்தனை வெள்ளி, பழுது பார்க்க வேண்டாம் என்றால் அந்தப் பணம் என்னாகும் என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். டிஸ்க் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்காக இருந்தால், படங்களை எடுக்க வாங்கும் யுஎஸ்பி இணைப்பானுக்குத் தனி மின்சார அடாப்டர் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். யுஎஸ்பி கம்பி மட்டும் கொடுக்கும் மின்சாரத்தில் அது சுற்றாது.