டீசல் என்ஜின் புகையிலிருந்து கார்பன் நானோகுழாய் தயாரிக்க முடியுமா?

கார்பன் அணுக்களாலான, தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய அந்தக் குழாய்கள் புகையில் உருவாகும். 'தயாரிக்க' முடியுமா என்றால், சந்தேகம்தான்.

முதுகலை புராஜெக்டுக்காக ஒரு சிங்கிள் சிலிண்டர் டீசல் என்ஜினோடு ஆறு மாதம் மல்லுக்கட்டியவன் நான். சைலன்சருக்குள் படிந்த கரியைச் சுரண்டி, எத்தனாலில் கலக்கி, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். 20, 30 நானோமீட்டர் உருண்டைகள் திராட்சைக் கொத்துபோல ஒட்டிக் கிடந்தன. இன்னும் பெரிதாக்கினால் ஒவ்வொன்றுக்குள்ளும் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக. நாங்கள் பார்த்த நாலைந்து சாம்பிளில் குழாய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கார்பனுக்கும் சூட்டுக்கும் அங்கே பஞ்சமில்லை. உலோகமும் அவகாசமும்தான் இல்லை. குழாய் முளைக்க இரும்பு, நிக்கல், கோபால்ட் மாதிரி ஏதாவது ஒன்றின் நுண்துகள் வேண்டும். கார்பன் அதைப் பிடித்துக்கொண்டுதான் நீளும். 1500 ஆர்பிஎம்மில் ஓடும் என்ஜினுக்கு ஒரு சுற்றே 40 மில்லிசெகண்ட். எரிவது அதிலும் கொஞ்ச நேரம். உருவான கரியிலும் பெரும்பகுதி சிலிண்டருக்குள்ளேயே எரிந்துவிடும். (கரியே வரக்கூடாது என்றுதானே என்ஜின்காரர்கள் இவ்வளவு பாடுபடுகிறார்கள்!)

டீசலில் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தைக் கலந்தால் இரும்பு கிடைக்கும், கந்தகம் சேர்ந்தால் வளர்ச்சிக்கு இன்னும் தோது. ஓர் ஆய்வில் இப்படிச் செய்து, என்ஜின் புகையில் நானோகுழாய் போன்ற அமைப்புகளைக் காட்டினார்கள். ஆனால் அத்தனை கரிக்குள் அதை எப்படிப் பிரிப்பீர்கள்? அந்தச் செலவுக்கு உலையிலேயே சுத்தமாக வளர்த்துவிடலாம்.

எதுவும் கலக்காமலும் உருவாகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். 2015-இல் பாரிஸில், ஆஸ்துமா உள்ள 64 குழந்தைகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைப் பார்த்தபோது எல்லாவற்றிலும் நானோகுழாய் இருந்தது. அந்த ஊர் வண்டிகளின் புகைக்குழாய்க் கரியிலும் அதே மாதிரி. நம் கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில்கூட இருப்பதாக 2020-இல் கட்டுரை வந்தது. அதற்கு என்ஜினே தேவைப்படவில்லை.

புராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் என்ஜினை விடுங்கள். எத்திலீன் சுடருக்குள் நிக்கல் கம்பியை நீட்டி வளர்க்கும் முறை இருக்கிறது, கைடிடம் கேட்டுப் பாருங்கள். எதைச் செய்தாலும் நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கரி சுரண்டிய அன்று நாங்கள் போடவில்லை. ரெண்டு நாளைக்கு மூக்கைச் சிந்தினால் கறுப்பாகவே வந்தது.