அறுப்பின் பண்டிகை நோட்டும் நேர்முகத் தேர்வும்

அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

போன செவ்வாய்க்கிழமை நீங்களும் மகளும் வந்திருந்தபோது சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். அவள் பக்கத்தில் இருந்ததால் அன்று சொல்லவில்லை.

பி.காம் இறுதியாண்டு, மூன்று நேர்முகத் தேர்வுகள். மூன்றிலும் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்ற முதல் கேள்வியிலேயே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் நீங்கள்தான் சொன்னீர்கள். மகள் கைக்குட்டையின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நீங்கள் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “விசுவாசம் இருந்தால் பயம் எப்படி ஐயா வரும்?”

வரும், சகோதரி. கொரிந்து சபைக்கு எழுதும்போது அப்போஸ்தலனாகிய பவுல், தான் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் அவர்களிடத்தில் இருந்ததாக ஒளிக்காமல் எழுதுகிறார். முதலாம் நிருபம், இரண்டாம் அதிகாரம், மூன்றாம் வசனம். பவுலுக்கே நடுங்கியிருக்கிறது. இருபது வயதுப் பெண் முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால் உட்கார்ந்து நடுங்கினால் அதை விசுவாசக் குறைவு என்று எப்படிச் சொல்ல முடியும்? அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தோற்றது ஒரு சுமை. தன் விசுவாசமும் பொய் என்று தெரிந்துவிட்டதே என்பது இன்னொரு சுமை. இரண்டாவது சுமை நாம் ஏற்றியது. நாம்தான் இறக்கிவைக்க வேண்டும்.

நான்காவது தேர்வுக்கு முன் மாதர் ஐக்கியத்தில் ஜெபக்குறிப்பு கொடுத்திருப்பதாகவும், வேலை கிடைத்தவுடன் சபையில் சாட்சி சொல்வதாகப் பொருத்தனை செய்திருப்பதாகவும் சொன்னீர்கள். ஜெபம் பண்ணுங்கள், நானும் பண்ணுகிறேன். ஆனால் ஒவ்வொரு முடிவையும் ஐக்கியத்தில் அறிவிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, “என்னம்மா, இந்தத் தடவையும் போய்விட்டதா?” என்று கேட்பவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் கேட்கிறார்கள். அந்த அன்பைத் தாங்க முடியாமல்தான் இரண்டு மாதமாக அவள் முதல் ஆராதனைக்கு வந்து, திருவிருந்து முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுகிறாள். இது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் வீட்டு வாசலில் ஒட்டியிருக்கும் வாக்குத்தத்த வசனம், “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்பது. தேர்வறைக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டே போகிறாளாம். நல்ல வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள்: தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார் பவுல். சிறையிலிருந்து எழுதிய நிருபம் அது. அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட நாளில் எழுதியதல்ல. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நான் நானாகவே நிற்பேன் என்கிற பெலனைத்தான் அவர் சொல்கிறார். என் அனுபவத்தில் நேர்முகத் தேர்வுக்கு இதைவிடப் பெரிய ஆயத்தம் இல்லை. தேவன் தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்தவளுக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தீர்மானிக்கப்போவது ஒரு வேலையை மட்டும்தான். தெரியாத கேள்விக்கு “தெரியாது, கற்றுக்கொள்கிறேன்” என்று அவளால் நிமிர்ந்து சொல்ல முடியும்.

இனி, அன்று நீங்கள் போன் பேச வராந்தாவுக்குப் போனபோது நடந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். அவளிடம் நான் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. மோசேயிடம் கர்த்தர் கேட்ட கேள்வியைக் கேட்டேன்: “உன் கையிலிருக்கிறது என்ன?” திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன் என்று மோசே சாக்குச் சொல்வதற்கு முன்பே, யாத்திராகமம் நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அவன் கையில் இருந்தது ஆடு மேய்க்கிற கோல்.

“ஒன்றும் இல்லை” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கு நான்தான் எழுதுவேன், மூன்று வருடமாக” என்றாள்.

சகோதரி, அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் விளைச்சலை ஏலம் விடுவது எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் வாழைத்தாரை ஏலத்தில் எடுத்து, திரும்ப ஆலயத்துக்கே கொடுத்துவிடுவார். அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரே தார் மூன்று பேர் பெயரில் மூன்று விலைக்குப் போகும். ஒருவர் அங்கேயே ரொக்கம் கொடுப்பார், ஒருவர் பாதி கொடுப்பார், இன்னொருவர் “சம்பளம் வந்ததும் தருகிறேன்” என்பார். கோழி கத்தும், மைக் கத்தும். அதற்கு நடுவில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். திரும்ப வரும் பொருளுக்கு அதே எண்ணோடு அ, ஆ, இ. ரொக்கம் ஒரு பத்தி, பாக்கி ஒரு பத்தி. பாக்கி வசூலானால் பச்சை மையில் தேதி. முதல் வருடம் ராத்திரி கணக்கு முடிக்கும்போது நாற்பது ரூபாய் உதைத்தது என்றும், எல்லாரும் விட்டுவிடச் சொன்னபோதும் அவள் தேடி, ஒரு பூசணிக்காய் இரண்டு தடவை எழுதப்பட்டதைக் கண்டுபிடித்தாள் என்றும் சொன்னாள். சொல்லும்போது கைக்குட்டை மேசைமேல் கிடந்தது. குரல் நடுங்கவில்லை.

அவளுடைய பாடப்புத்தகத்தில் இதற்கு ரொக்க ஏடு, பேரேடு, கடனாளிகள் என்றெல்லாம் பெயர் இருக்கிறது. அவள் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. பயிற்சி மையத்தில் எழுதிக்கொடுத்த ஆங்கிலப் பத்தியை மனப்பாடம் செய்து ஒப்பிக்கப் போனாள். இரண்டாவது வரி மறந்ததும் மொத்தமும் போயிற்று. சவுல் தன் ஆயுதவர்க்கத்தை தாவீதுக்கு அணிவித்தபோது, தாவீது நடந்து பார்த்துவிட்டு, இது எனக்குப் பழக்கமில்லை என்று கழற்றிப்போட்டான். அதற்கு முன், கோலியாத்தோடு போரிட உன்னால் ஆகாது என்று சவுல் சொன்னபோது, ஆட்டுக்குட்டியைப் பிடித்துப்போன சிங்கத்தையும் கரடியையும் பற்றிச் சொன்னான். ஒருவரும் பார்க்காத இடத்தில் செய்தது அது. கர்த்தர் அன்று தப்புவித்தார், இன்றும் தப்புவிப்பார் என்பதுதான் அவன் கணக்கு. உங்கள் மகளுக்கு அந்தப் பூசணிக்காய்தான் சிங்கம்.

ஆகையால் முதல் கேள்விக்கான பதிலை அவளே எழுதட்டும். முதலில் தமிழில், பிறகு அவளுக்கு வாயில் வருகிற எளிய ஆங்கிலத்தில். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழுதியதை மனப்பாடம் செய்யாமல், நின்றுகொண்டு, தினமும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மோசேக்குத் துணையாக அவன் அண்ணன் ஆரோனைக் கொடுத்தது போல அவளுக்கும் ஒரு ஆள் வேண்டும். நீங்கள் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளோடு ஓய்வுநாள் பள்ளியில் படித்து இப்போது வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாளாம், அவள் பொருத்தம். போதகர் ஐயரவர்களிடம் கேட்டு மாதம் ஒரு ஞாயிறு வேதபாடம் வாசிக்கவும் மகள் பெயரைக் கொடுங்கள். முந்நூறு பேருக்கு முன் ஒலிபெருக்கியில் தன் குரலைத் தானே கேட்டுப் பழகியவளுக்கு மூன்று பேர் பெரிதாகத் தெரியாது. முதல் வாரம் தடுமாறுவாள். தடுமாறட்டும், சபை அதற்கும் உரிய இடம்தான்.

நேர்முகத் தேர்வே இல்லாத வேலைக்குப் படிக்கட்டுமா என்று கேட்டீர்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கும் வங்கி கிளார்க் பணிக்கும் நேர்முகத் தேர்வு இல்லை; வங்கி அதிகாரி பணிக்கு உண்டு. அவளுக்கு விருப்பம் இருந்தால் தாராளமாக எழுதட்டும். பயந்து ஓடி அங்கே போய் ஒளிய வேண்டாம். எனக்குத் தோன்றுவது வேறு. நாற்பது ரூபாய்க்காக ராத்திரி பதினொரு மணி வரை தேடுகிறவள் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்க வேண்டியவள். பி.காமில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ. படிப்பில் அடிப்படைத் தேர்வு எழுதாமலே இடைநிலைக்குப் பதிவு செய்யலாம். கடினமான படிப்பு, பல வருடம் பிடிக்கும். இதை அவளிடமே பேசிப் பார்க்கிறேன். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம்.

இன்னும் ஒன்று. தூக்கமில்லாமை, சாப்பாடு இறங்காமை, நெஞ்சுப் படபடப்பு இவை தேர்வு இல்லாத நாட்களிலும் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் நீங்கள் அதை விசுவாசக் குறைவாக நினைப்பதில்லை அல்லவா?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகளைத் தனியாக அனுப்புங்கள். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம், அவளுக்கு வழி தெரியும். அந்த ஏல நோட்டுகள் மூன்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.