ஜெபித்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருக்கிறார். அவருக்காக வீட்டு ஜெபக் கூட்டத்தில் தவறாமல் ஜெபித்து வருகிறோம். விசுவாசத்தினால்தான் இரட்சிப்பு என்றிருக்க, இதற்கு மேலும் நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: ஜெபத்தை விடாதீர்கள், கூடவே, அவருடைய மனைவி மருத்துவமனையிலேயே தங்கியிருந்தால், பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு யார் கொடுக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். உடையும் அன்றாட ஆகாரமும் இல்லாதவரைக் குளிர்காய்ந்து பசியாறும்படி வாழ்த்தி மட்டும் அனுப்பினால் என்ன பயன் என்று யாக்கோபு தம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். செயலற்ற விசுவாசம் உயிரற்றது என்பது அவர் துணிபு.

கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனுக்கு உதவிய, லூக்கா 10ஆம் அதிகாரத்தின் சமாரியனை நாம் அடிக்கடிப் பிரசங்கத்தில் கேட்கிறோம், ஆனால் அவன் செய்த வேலைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டுகிறான். அடிபட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்துப் பராமரிக்கிறான். மறுநாள் புறப்படும்போது, அக்காலக் கூலியாளின் இரண்டு நாள் சம்பளத்துக்கு ஈடான இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, அதற்கு மேல் செலவானால் திரும்பி வருகையில் தருவதாகவும் சொல்கிறான். ஆசாரியனும், ஆலய ஊழியனான லேவியனும் அதே வழியாக வந்தவர்களே, ஆனால் அவனைக் கண்டும் விலகிப் போனார்கள்.

கையில் இருக்கும்போதே அயலானை “நாளைக்கு வா” என்று அனுப்பாதே என நீதிமொழிகள் 3ஆம் அதிகாரமும் எச்சரிக்கிறது. “ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்” என்று கேட்டால், கூச்சத்தினால் பெரும்பாலோர் ஒன்றும் வேண்டாம் என்றே சொல்வார்கள். ஆகவே கேட்காமலே, இன்றிரவு ஏழு மணிக்கு ஒரு தூக்குவாளியில் சோறும் ரசமும் கொண்டு போங்கள்.